ஆறாங்கிளாஸ் புள்ளைங்களுக்கு பேண்டு சொல்லிக்குடுக்குறது எப்படி: எங்க காரைக்குடி பக்கத்து மாஸ்டர்களுக்கு

காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர், பள்ளத்தூர்னு எங்க பக்கம் எந்த ஸ்கூல எடுத்தாலும் ஜூன்ல கதவு தொறந்த ஒடனே பேண்டு மாஸ்டர்ட்ட கேக்குற மொத கேள்வி, ஆகஸ்ட் 15-க்கு பேண்டு ரெடியாகிருமா சார்ங்கிறதுதான். எச்.எம் கேப்பாக, பீ.டி சார் விசிலோட பக்கத்துலயே நிப்பாக. நான் எப்பவும் சொல்ற பதில் ஒண்ணுதான்: டிரம் ஆகஸ்ட் 15-க்கு ரெடி, ஊதுற புள்ளைங்க ஜனவரி 26-க்குத்தான். இந்த பதில்ல நீங்க ஒறுதியா நின்னீங்கன்னா மத்ததெல்லாம் தானா ஒழுங்காகும். ஜூன்ல கருவிய கையில வாங்குன புள்ளைக்கு ஆகஸ்ட் 15 வரைக்கும் கிடைக்கிறது ரெண்டு மாசம், ஒதடு இன்னும் ஒக்காரலை, மூச்சு நிக்கலை, அந்த நேரத்துல ஒரு பாட்ட எப்படியாச்சும் வாசிச்சே ஆகணும்னு தள்ளுனா அது கன்னத்த உப்ப வச்சு, மவுத்பீஸ (வாயில வச்சு ஊதுற பகுதி) ஒதட்டுல அழுத்தி, ரீடக் (ஊதுனா அதிர்ற மெலிசான நாக்கு) கடிச்சு ஏதோ ஒரு சத்தத்த கொண்டு வந்துரும், கைதட்டும் வாங்கிரும், அப்பறம் எட்டாங்கிளாஸ் முடிக்கிற வரைக்கும் அந்த பழக்கத்த எடுக்க முடியாது.

மொதல்ல யாருக்கு என்ன கருவி. 30 புள்ளைங்க இருக்காங்கன்னு வைங்க, நான் பிரிக்கிறது இப்படி: கிளாரினெட் 8, ட்ரம்பெட் 6, ஃப்ளூட் 4, ஆல்டோ சாக்ஸ் (சாக்ஸஃபோன்) 3, ட்ரோம்போனோ (குழாய நீட்டி மடக்கி ஊதுறது) யூஃபோனியமோ (மடியில வச்சு ஊதுற பெரிய பித்தளைக் கருவி) 3, மிச்சம் 6 பேர் டிரம்மும் சிம்பலும். புள்ளைங்களையே எடுத்துக்கச் சொன்னா பாதிப்பேரு சைடு டிரம்முக்கும் மீதிப்பேரு சாக்ஸுக்கும் ஓடிருவாங்க, அதனால ஆளுக்கு மூணு விருப்பம் சீட்டுல எழுதி வாங்கிக்கங்க. ஒரு வாரம் எல்லாரையும் எல்லா மவுத்பீஸையும் ஊதிப் பாக்க விடுங்க, ஒவ்வொரு வாய் மாறும்போதும் கழுவித் துடைச்சுட்டு. யாருக்கு எது சட்டுனு பேசுதுன்னு அங்கயே தெரிஞ்சுரும். பல்லையும் பாருங்க, 10, 11 வயசுல கோரப்பல்லு விழுந்து மொளைக்கிற நேரம், அது பரவால்ல, ஆனா மேல் முன்பல்லு ஆடுனா இல்ல கிளிப் போட்டுருந்தா ட்ரம்பெட் குடுத்து கஷ்டப்படுத்தாதீங்க. விரல் ரொம்ப மெலிசா இருந்தா கிளாரினெட் ஓட்டை சரியா மூடாது, காத்து கசிஞ்சு கீச்சுன்னு கத்தும், அந்த புள்ளைக்கு ஃப்ளூட்டோ ஆல்டோவோ குடுக்கலாம், அதுல பட்டன் இருக்கு. கை நீளம் பத்தலைன்னா ட்ரோம்போன் வேணாம், யூஃபோனியம் குடுங்க. பாஸ் டிரம்முக்கு ஒசரமான பையன தேடாதீங்க, காலடி மாறாம நடக்குற புள்ளைய தேடுங்க, மொத்த பேண்டும் அந்த ஒரு ஆளு மேலதான் நடக்கும்.

இன்னொண்ணு, பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு சார் ட்ரம்பெட்டு, அந்த சிம்பல குடுங்கன்னு சொல்றவுக இன்னும் இருக்காக. அதைக் காதுலயே வாங்காதீங்க. எந்த வாய்க்கு சத்தம் வருதோ அந்த வாய்க்குத்தான் கருவி.

மொத ரெண்டு வாரம் முழுக் கருவிய கையில குடுக்கவே குடுக்காதீங்க. மவுத்பீஸ் மட்டும். கிளாரினெட்காரங்களுக்கு மவுத்பீஸும் பேரலும் (மவுத்பீஸுக்கு அடுத்து மாட்டுற குட்டிக் குழாய்). ரீடு நம்பர் 2-ல ஆரம்பிங்க (நம்பர் கூடக் கூட ரீடு கெட்டி). ரீட வாயில வச்சு ஈரமாக்கி, மவுத்பீஸ் நுனிக்கு மேல நீட்டாம, நுனியில முடி அளவுக்கு கறுப்பு தெரியிற மாதிரி வச்சு, லிகேச்சர் (ரீட மவுத்பீஸோட புடிச்சு வைக்கிற பட்டை) ஸ்க்ரூவ மெதுவா திருகணும், முறுக்கிப் புழியக் கூடாது. கீழ் ஒதட்ட கீழ்ப்பல்லு மேல லேசா மடிச்சு, மேல்பல்ல நேரா மவுத்பீஸ் மேலயே ஊன்றி, தாடைய சப்பட்டையா வச்சுக்கிட்டு ஊதச் சொல்லுங்க. எங்க ஊரு புள்ளைங்க கோயில்லயும் கல்யாணத்துலயும் நாதஸ்வரம் பாத்து வளந்தவுக, அதனால சீவாளி மாதிரி ரெண்டு ஒதட்டாலயும் கவ்வத்தான் பாப்பாங்க, அது ரெட்டை நாக்கு, இது ஒத்தை நாக்குன்னு ரெண்டையும் பக்கத்துல வச்சு காட்டிருங்க, ஒடனே புரிஞ்சுக்குவாங்க. சுருதி காட்டுற டியூனர் ஆப்ப ஃபோன்ல போட்டு வச்சுக்கங்க. கிளாரினெட் மவுத்பீஸும் பேரலும் சேந்து நாலரைக் கட்டை, அதாவது எஃப் ஷார்ப் காட்டணும். அதுக்குக் கீழ போனா வாய் தளர்வா இருக்கு, மேல போனா கடிக்கிறான். ஆல்டோ சாக்ஸ் மவுத்பீஸ் மட்டும் ஊதுனா ஆறு கட்டை, ஏ. இந்த நம்பரு ரெண்டும் பாதி வேலைய முடிச்சுரும், ஏன்னா அந்த புள்ளை வாய்க்குள்ள என்ன பண்ணுதுன்னு நம்ம கண்ணுக்குத் தெரியாது, டியூனருக்குத் தெரியும்.

ட்ரம்பெட்டுக்கு 7சி மவுத்பீஸ் போதும். ஒதட்ட 'ம்'னு மூடிக்கிட்டு காத்த தள்ளச் சொல்லுங்க, மொதல்ல மவுத்பீஸே இல்லாம ஒதடு அதிரணும், அப்பறம் மவுத்பீஸ வச்சு. ஆம்புலன்ஸ் சைரன் மாதிரி ஏத்தி எறக்கச் சொன்னீங்கன்னா க்ளாஸே குஷியாகிரும். மவுத்பீஸ கட்டை வெரலாலயும் ஆள்காட்டி வெரலாலயும் மட்டும் புடிக்கணும், முழுக்கையால புடிச்சா அழுத்திருவான். ஊதி முடிச்ச ஒடனே ஒதட்ட பாருங்க, செவப்பா வட்டம் ஆழமா பதிஞ்சிருந்தா அழுத்துறான்னு அர்த்தம், அன்னைக்கு அவனுக்கு அதோட போதும். ஃப்ளூட்டுக்கு தலைப்பகுதி மட்டும், கண்ணாடி முன்னாடி நிறுத்தி. பத்து நிமிஷம் விடாம ஊதுனா தலை சுத்தும், அதனால நடுவுல ஒக்கார வைங்க, பயப்பட ஒண்ணுமில்ல, மூச்சு பழகப் பழக போயிரும்.

நாக்கு வைக்கிறதுக்கு 'தூ'ன்னு சொல்லிக்குடுங்க, 'டூ' வேணாம். நம்ம வாயில 'டூ' சொன்னா நாக்கு பின்னாடி மடிஞ்சுரும், 'தூ' சொன்னாத்தான் நாக்கு நுனி முன்னாடி வந்து ரீட்டு நுனியில தொடும்.

இப்ப ஸ்வரம். இங்கதான் நெறைய மாஸ்டர்ங்க மாட்டிக்கிறாங்க. கிளாரினெட்டும் ட்ரம்பெட்டும் பி ஃப்ளாட் கருவி, அதாவது 'சி'ன்னு எழுதுனத வாசிச்சா பி ஃப்ளாட் கேக்கும், ஆல்டோ சாக்ஸ் ஈ ஃப்ளாட் கருவி, அதுல ஈ ஃப்ளாட் கேக்கும், ஃப்ளூட்டும் ட்ரோம்போனும் எழுதுனது எதுவோ அதே பேசும். எல்லாரும் 'சி' வாசிங்கன்னு சொன்னா மூணு வெவ்வேற சத்தம் வந்து நிக்கும். மொத ரெண்டு மூணு மாசம் இந்த கணக்கையெல்லாம் ஆறாங்கிளாஸ் புள்ளை தலையில ஏத்தாதீங்க. நம்மகிட்ட சரிகம இருக்கு. ஆறரைக் கட்டைய ச-ன்னு வச்சுக்கங்க, சுருதிப் பெட்டிய ஆறரைக்கு திருப்பி வச்சுட்டு எல்லாரும் ச-ன்னு சொன்னா எல்லாருக்கும் ஒரே சத்தம். ஃப்ளூட்டுக்கு அது பி ஃப்ளாட், கிளாரினெட்டுக்கும் ட்ரம்பெட்டுக்கும் சி, ஆல்டோவுக்கு ஜி, அதெல்லாம் உங்க நோட்டுல இருந்தா போதும். ஸ்டாஃப் நோட்டேஷன ச ரி க ம ப கை வந்தப்பறம் ஆரம்பிங்க, அப்ப அஞ்சு கோட்டுல புள்ளி வச்சதும் இது என்னோட ச-தானேன்னு புள்ளைங்களே சொல்லும்.

அஞ்சு ஸ்வரமும் சங்கராபரணத்து ஸ்வரம்தான், சரளி வரிசைல மாயாமாளவகௌளை பழகுன புள்ளை இருந்தா ரி மட்டும் ஒசக்க வரும்னு பாடிக் காட்டிருங்க. வாசிக்கிறதுக்கு முன்னாடி பாடணும், பாட முடியாத ஸ்வரத்த ஊத முடியாது. கிளாரினெட்ல இந்த அஞ்சும் எடது கையிலயே முடிஞ்சிரும், அது ஒரு வசதி: கட்டை வெரலோட மூணு வெரல் மூடுனா ச, ரெண்டு மூடுனா ரி, ஒண்ணு மூடுனா க, கட்டை வெரல் மட்டும் ம, எல்லாத்தையும் எடுத்துட்டா ப. நான் க-லதான் ஆரம்பிப்பேன், அப்பறம் ரி, ச-ன்னு எறங்குவேன், ஒவ்வொரு வெரலா சேத்துக்கிட்டே போறதால புள்ளைக்கு பயமில்ல. ட்ரம்பெட்ல ச சும்மா (வால்வு எதையும் அமுக்காம), ரி ஒண்ணாம் வால்வும் மூணாம் வால்வும், க ஒண்ணும் ரெண்டும், ம ஒண்ணு, ப சும்மா. ச-வும் ப-வும் ஒரே வெரல், வித்தியாசம் ஒதட்டுல மட்டும், அதனால ச ஊதச் சொன்னா சில புள்ளைக்கு ப வந்து நிக்கும், திட்டாதீங்க, ப-வையே புடிச்சுக்கச் சொல்லிட்டு அங்கிருந்து ம க ரி-ன்னு படி எறங்கி ச-வுக்கு கூட்டிட்டு வாங்க. ஸ்கூல்ல பழைய பியூகிள் கெடந்தா அதை எடுத்து தொடைச்சு ட்ரம்பெட் புள்ளைங்க கையில குடுங்க, வால்வே இல்லாம ச ப ச க ப-ன்னு ஒதட்டாலயே ஏறி எறங்கிப் பழகுறதுக்கு அதைவிட நல்ல வாத்தியார் கெடையாது. ஆல்டோவுக்கு ம வரைக்கும் சுலபம், ப-ல திடீர்னு ஆறு வெரலும் மூடி ஆக்டேவ் கீயும் அமுக்கணும், ஒரு வாரம் தனியா அதுக்கு ஒதுக்குங்க. ட்ரோம்போன்ல ரி ஆறாவது பொசிஷன், அதாவது ஸ்லைட ரொம்ப தூரம் நீட்டணும், கை எட்டாம தோளைச் சாய்ப்பாங்க, தோளு அசையாம எட்டுற வரைக்கும் போதும், மிச்சத்த காது சரி பண்ணும்.

தாளத்துக்கு எங்கயும் போக வேணாம். ஒரு அடிக்கு ஒண்ணுன்னா 'தா', ரெண்டுன்னா 'தக', மூணுன்னா 'தகிட', நாலுன்னா 'தகதிமி'. வாயில சொல்லிக்கிட்டே நடக்க விடுங்க, கும்மி கோலாட்டம் அடிச்ச புள்ளைங்களுக்கு இது ரத்தத்துலயே இருக்கு. நடை நிமிஷத்துக்கு 60-ல ஆரம்பிச்சு மெதுவா ஏத்துங்க, மார்ச் பாஸ்டுக்கு கடைசியா 120-ல வந்து நிக்கணும், எடது காலுக்கு பாஸ் டிரம். டிரம் புள்ளைங்களுக்கு மொத மூணு வாரம் டிரம்மே கெடையாது, பழைய லாரி ட்யூப வெட்டி பலகைல ஆணி அடிச்சா பிராக்டிஸ் பேடு ரெடி, சத்தமும் வராது செலவும் கெடையாது. ரெண்டு கையும் ஒரே மாதிரி புடிக்கணும், குச்சி அடிச்ச ஒடனே தானா எகிறி வரணும், அழுத்திப் புடிச்சா எகிறாது. வலது எடது வலது எடது, அப்பறம் வலது வலது எடது எடது, அப்பறம் பாரடிடில்: வலது எடது வலது வலது, எடது வலது எடது எடது. இந்த மூணும் ரெண்டு கையிலயும் ஒரே சத்தத்துல வந்துச்சுன்னா ஆகஸ்ட் 15-க்கு ஒரு தெம்பான மார்ச் பீட் வாசிக்கலாம். அன்னைக்கு ஊதுற புள்ளைங்கள சும்மா விடாதீங்க, டிரம்முக்குப் பின்னாடி வரிசையா நடக்கட்டும், நடை பழகுறதும் பேண்டுதான்.

எடத்தப் பத்தி சொல்லியே ஆகணும். எங்க பக்கம் பல ஸ்கூலு பழைய செட்டியார் வீட்டுலயோ அதே மாதிரி கட்டுன கட்டடத்துலயோ நடக்குது. ஒசந்த கூரை, தேக்குத் தூணு, ஆத்தங்குடிக் கல்லு போட்ட தரை, பாக்க அழகு, ஆனா சத்தம் சுத்திச் சுத்தி வரும். பட்டாலைல (வீட்டுப் பெரிய கூடம்) நின்னு ஊதுனா ரெண்டு புள்ளை ஊதுறது இருபது புள்ளை ஊதுற மாதிரி கேக்கும், அவுகளுக்கும் நாம நல்லாத்தான் ஊதுறோம்னு தோணிரும், 'தகதிமி' சொன்னா நாலு எழுத்தும் ஒண்ணாக் கலந்து கேக்கும். நீண்ட சத்தம் பழகுறதுக்கு உள்ள வச்சுக்கங்க, அந்த எதிரொலி புள்ளைக்கு தைரியம் குடுக்கும். தாளமும் நாக்கும் பழகும்போது வெளிய வேப்பமரத்தடிக்கு வந்துருங்க. மழை பெஞ்சா வேற வழி இல்ல, ஸ்டோர்ல சுருட்டி வச்சிருக்கிற ஜமுக்காளம், பந்திப்பாய் எல்லாத்தையும் எடுத்து தரைல விரிங்க, பாதி எதிரொலி அடங்கிரும்.

வெயிலையும் கணக்குல வைங்க. சூடு ஏற ஏற ஊதுற கருவி சுருதி ஏறும், ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 3 சென்ட் (சுருதிய அளக்குற சின்ன அளவு). காலைல நெழல்ல சுருதி சேத்துட்டு கொடிக்கம்பத்துகிட்ட வெயில்ல போய் நின்னா எல்லாம் மேல போயிருக்கும், அதனால எங்க வாசிக்கப் போறமோ அங்கயே நின்னு சுருதி சேக்கணும். கிளாரினெட்டுக்கு பேரல லேசா வெளிய இழுக்கணும், ட்ரம்பெட்டுக்கு பெரிய ஸ்லைட. கிளாரினெட் வாங்கும்போது மரம் வேணாம், எங்க ஊரு வறண்ட வெயிலுக்கு வெடிச்சுரும், பிளாஸ்டிக் பாடியே புள்ளைங்களுக்கு நல்லது. ட்ரம்பெட்டு நெறைய மீரட் ஜாலி கோத்திலேர்ந்துதான் நம்ம பக்கம் வருது, எங்க வாங்குனாலும் சரி, கடைலயே மூணு வால்வையும் அமுக்கி விட்டுப் பாத்து, விட்ட ஒடனே மேல வருதான்னு பாத்து வாங்குங்க. வால்வுக்கு வால்வு ஆயில்தான், தேங்கா எண்ணெயும் தையல் மெஷின் எண்ணெயும் வேணாம்.

சுத்தம் விசயத்துல கண்டிப்பா இருங்க. கருவிய ரெண்டு பேரு பங்கு போட்டுக்கலாம், மவுத்பீஸ் ஆளுக்கு ஒண்ணு, ரீடு ஆளுக்கு ரெண்டு, ஒரு நாள் இது ஒரு நாள் அது. வாரம் ஒரு தடவ வெதுவெதுன்னு தண்ணில கழுவணும், கொதிக்கிற தண்ணில போட்டா கிளாரினெட் மவுத்பீஸ் வளைஞ்சுரும். அப்பறம் சாப்டுட்டு வாயக் கொப்புளிக்காம யாரும் கருவியத் தொடக்கூடாது. விசேஷம் முடிஞ்ச மறுநாள் டப்பால மனகோலம், தேன்குழல், சீப்புச்சீடைன்னு கொண்டு வருவாங்க, தின்னுட்டே வந்து ஊதுவாங்க, அந்தத் தூளு ட்ரம்பெட் குழாய்க்குள்ள போய் ஒக்காந்துக்கும், மனகோலத்துப் பாகு கிளாரினெட் பேடுல (ஓட்டைய மூடுற மெத்தை) ஒட்டிக்கிட்டு கீ தொறக்கும்போது சப்பு சப்புன்னு சத்தம் கேக்கும். வாசல்லயே ஒரு பக்கெட் தண்ணியும் சொம்பும் வச்சிருங்க.

வீட்டுல தெனம் 15 நிமிஷம் போதும், ஞாயித்துக்கெழம ரெண்டு மணி நேரம் ஊதுறதவிட அதுதான் பலன். ஆனா அதுக்கு வீட்டு ஆளு தொணை வேணும். எங்க பக்கம் அப்பா சிங்கப்பூர், மலேசியா, துபாய்ல இருப்பாக, பேரன்ட்ஸ் மீட்டிங்குக்கு வர்றது அப்பத்தாவோ ஆயாவோதான். அவுகளுக்கு ஒரு பயம் இருக்கும், வாய்விட்டே கேப்பாக, "ஏன் சார், இப்படி ஊதி ஊதி புள்ளைக்கு கொடலு எறங்கிறாதா?" அதுக்கு சிரிச்சு மழுப்பாதீங்க. பக்கத்துல ஒக்காந்து, "இல்ல ஆச்சி, வயித்த எக்கி ஊதச் சொல்லல, நல்லா மூச்சு இழுத்து மெதுவா விடத்தான் சொல்லிக்குடுக்குறோம், நீங்களே பாருங்க"ன்னு புள்ளைய நிமிந்து ஒக்கார வச்சு, ஒரு துண்டு பேப்பர செவுத்துல ஒட்டாம ஊதியே நிக்க வைக்கச் சொல்லிக் காட்டுங்க. பேப்பர் விழாம பத்து எண்ணுற வரைக்கும் நின்னுச்சுன்னா ஆச்சிக்கு மொகம் மலந்துரும். அன்னைக்கே சொல்லிருங்க, சாயங்காலம் வெளக்கு வைக்கிறதுக்கு முன்னாடி திண்ணைல ஒக்காந்து 15 நிமிஷம் ஊதணும், அதை நீங்கதான் பாத்துக்கணும்னு. எந்த டைரி கையெழுத்தும் குடுக்காத பலன அந்த ஒரு பேச்சு குடுக்கும். ஆஸ்துமா இருக்கிற புள்ளைன்னா மட்டும் டாக்டர ஒரு வார்த்தை கேட்டுட்டு வரச் சொல்லுங்க.

ஒரு பீரியட் 40 நிமிஷம்னா நான் ஓட்டுறது இப்படி. மொதல் அஞ்சு நிமிஷம் கருவி இல்லாம மூச்சும் தகதிமியும். அடுத்த பத்து நிமிஷம் நீண்ட சத்தம், சுருதிப் பெட்டியோட சேந்து, ஒரே ச-வ எட்டு எண்ணுற வரைக்கும். இந்தப் பத்து நிமிஷத்த எதுக்காகவும் விட்டுக்குடுக்காதீங்க, போரடிக்குது சார்னு சொல்லுவாங்க, அப்பயும் விடாதீங்க, பேண்டோட தரம் இங்கதான் இருக்கு. அப்பறம் புது வெரலு ஒண்ணோ புது தாளம் ஒண்ணோ, ரெண்டும் ஒரே நாள்ல வேணாம். கடைசி பத்து நிமிஷம் புள்ளைங்களுக்குப் புடிச்ச மெட்டு. நான் பேசும்போது மவுத்பீஸ் மடியில, குச்சி கக்கத்துல, இதை மொத நாளே பழக்கிருங்க, இல்லாட்டி 30 புள்ளைங்க நடுவுல உங்க தொண்டைதான் போகும்.

எந்தப் பாட்டுன்னா, அஞ்சு ஸ்வரத்துக்குள்ள நீங்களே நாலு நாலு வரி மெட்டு போடலாம், கும்மி மெட்டு, தாலாட்டு மெட்டு எல்லாம் அதுக்குள்ள அடங்கும். அதுக்கு மேல ஒரு த-வும் சேந்துச்சுன்னா ச ரி க ப த, மோகனம் கையில வந்துரும். தமிழ்த்தாய் வாழ்த்து மோகன ராகம், திஸ்ர நடை, 55 செகண்ட், பிரேயர்ல தெனம் பாடுற பாட்டு, மெட்டு காதுல ஏற்கனவே இருக்கு. தகிட தகிடன்னு தட்டிக்கிட்டே வரி வரியா சேருங்க. தேசிய கீதம் 52 செகண்ட்ல முடியணும், அதுல தப்பு விடக்கூடாது, அதனால மொத வருசம் புள்ளைங்க பாடட்டும், ரெண்டாவது வருசம் வாசிக்கலாம்.

நாளையும் பாத்து வைங்க. செப்டம்பர்ல காலாண்டு, டிசம்பர்ல அரையாண்டு, அப்பறம் லீவு, தொட்டுக்கிட்டே பொங்கல், ஜனவரி 26-க்கு முன்னாடி கையில நிக்கிறது கொஞ்ச நாள்தான். அதனால டிசம்பர் மொத வாரத்துக்குள்ள ஊதுற புள்ளைங்க மெட்ட நின்னுக்கிட்டு வாசிக்கணும், ஜனவரில நடந்துக்கிட்டே வாசிக்கிறது மட்டும்தான் பாக்கி இருக்கணும். மாசி பங்குனில முத்துமாரியம்மன் திருவிழா வந்துட்டா காரைக்குடில பாதி க்ளாஸு காப்புக் கட்டி பால்குடத்துக்குப் போயிரும், அந்த வாரத்துல புதுசா எதுவும் ஆரம்பிக்காதீங்க, வந்த புள்ளைங்கள வச்சு டூயட் (ரெண்டு பேரு சேந்து வாசிக்கிறது) வாசிக்க விடுங்க.

மே லீவுக்கு முன்னாடி எல்லா கருவியையும் வாங்கி வைக்காம, நல்லா பழகுன புள்ளைங்க கையில வீட்டுக்குக் குடுத்து அனுப்புங்க, பெட்டிக்குள்ள பேரும் ஃபோன் நம்பரும் எழுதி வீட்டு ஆளு கையெழுத்து வாங்கிக்கிட்டு. ஸ்கூல்லயே வைக்கிற கருவிக்கு ரீட கழட்டி காய வச்சு, வால்வுக்கு வால்வு ஆயில் விட்டு, ஸ்லைட இழுத்து கிரீஸ் போட்டு, தரைல வைக்காம பெஞ்சு மேல வைங்க. டிரம் தோலு ஸ்க்ரூவ கொஞ்சம் தளர்த்தி விட்டுருங்க.